தொப்பி போட்ட மச்சாள்

குவேக்கர்ஸ் ஹில், சிட்னி
2 பெப்ரவரி 2025

அன்புள்ள ஜசிந்தாவுக்கு,

மடு மாதாவின் காவலில் நானும் இவரும் சுகமாக இருக்கிறோம். என் முழங்கால் நோவுக்கு மட்டும் மாதா இன்னும் நேரம் ஒதுக்கவில்லை. உன் சுகத்தை நான் விசாரிக்கத் தேவையில்லை. படத்தில் நன்றாகத்தான் இருக்கிறாய்.

எந்தப் படம் என்று கேட்காதே. இன்று பூசை முடிந்து கோயில் வாசலில் மெழுகுதிரியோடு நிற்கும்போது தர்ஷனா தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "அன்ரி, இது உங்கட தம்பி நொயல் அங்கிளின்ர வைஃப் தானே? பிளாக்டவுன் குறூப்பில எல்லாரும் பாத்திட்டினம். சோ ஸ்வீற்!" என்றாள்.

கடலுக்குள் நீளும் ஒரு மரப்பாலம். அதன் நடுவில் நீ. வெள்ளைக்காரிகள் அந்தக் காலத்தில் போட்ட, நிலம் கூட்டும் பாவாடை. கழுத்து வரை பொத்தான் வைத்த சட்டை. தலையில் ரிப்பன் கட்டிய தொப்பி, கையில் சரிகைக் குடை. பக்கத்தில் ஒரு ஆண். அவன் தலையில் புகைக்குழாய் மாதிரி ஒரு கறுப்புத் தொப்பி, அதன் நிழலில் முகமே தெரியவில்லை. உங்கள் இருவருக்கும் நடுவே இன்னொரு ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி இருந்ததை நானும் பார்த்தேன். நீ கழுத்து முதல் கால் வரை மூடியிருந்ததையும் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததுதான் எனக்கு இன்னும் கோபம்.

நொயல் கண்ணை மூடி ஆறு வருடம். என் தம்பியின் மனைவி என்றுதான் இந்த ஊர் உன்னை அறியும். மகளின் வேலையைச் சாட்டி நீ விக்ரோறியாப் பக்கம் போனபோது நான் ஒரு சொல் சொன்னேனா? "கடற்காத்து மச்சாளுக்கு நல்லது" என்றுதான் சொன்னேன். காற்று இவ்வளவு நல்லதென்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

போனில் கேட்டிருப்பேன். கேட்டால் "மச்சாள், சிக்னல் இல்லை" என்று வைத்துவிடுவாய். கடிதத்துக்குச் சிக்னல் தேவையில்லை. எழுத்தில் பதில் வேண்டும்.

அனோஜினியை வேளைக்குச் சாப்பிடச் சொல். மாமியின் முத்தம் அவளுக்கு. உனக்கு இப்போதைக்கு இல்லை.

கோபம் ஆறாத உன் மச்சாள்,
பேர்ள்

*

குயின்ஸ்கிளிஃப், விக்ரோறியா
16 பெப்ரவரி 2025

அன்பு மச்சாளுக்கு,

நானும் மகளும் மாதா கிருபையால் குறையில்லாமல் இருக்கிறோம். உங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசி, பழைய கம்பளித் துணியால் சுற்றி வையுங்கள்.

படத்தைப் பார்த்துப் பயந்துவிட்டீர்கள் போல. நான் துணி மடிக்கிற ஹோட்டல் இராணி விக்ரோறியா காலத்தில் கட்டியது. அதன் பிறந்தநாளைக் கொண்டாட, வேலை செய்கிற எல்லோருக்கும் அந்தக் காலத்து உடுப்புப் போட்டுவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது அந்தத் தொப்பி. மனேச்சர் பெண்ணுக்குப் படம் எடுக்க ஒரு ஆண் தேவைப்பட்டது. அந்த நேரம் எறிக் குசினிக்கு மீன் கொண்டு வந்தார். அவர் தலையிலும் ஒன்றைக் கவிழ்த்துவிட்டாள். அவ்வளவுதான்.

எறிக் இங்கே கார் ஏற்றும் படகில் கயிறு போட்டுக் கட்டுகிற வேலை. மன்னாரில் எங்கள் பேசாலைப் பக்கத்து ஆள்.

நல்ல கட்டடம் மச்சாள். படிக்கட்டு முழுக்கத் தேக்கு. அந்தக் காலத்தில் நல்ல குடும்பத்துப் பெண்கள் துணைக்கு ஆள் இல்லாமல் கடற்கரைக்குப் போக மாட்டார்களாம். மேல் மாடத்தில் கதிரை போட்டு, அங்கிருந்தே கடலைப் பார்ப்பார்களாம். கடற்கரைக்கு வந்தும் கால் நனைக்காத சனம்!

எறிக்குக்குக் கிழங்கான் மீன் பட்டால் எங்களுக்கும் ஒரு பொதி வைப்பார். செதில் எடுத்து, வெள்ளைத் தாளில் சுற்றி, சணல் நூலால் கட்டி, கேற்றில் கொழுவிவிட்டுப் போவார். மணி அடிக்க மாட்டார். அனோஜினிக்கு அந்த மீனில் சொதி வைத்தால் போதும், இரண்டு கோப்பை சோறு தின்பாள்.

அண்ணைக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

என்றும் உங்கள்
ஜசிந்தா

*

குவேக்கர்ஸ் ஹில்
25 பெப்ரவரி 2025

ஜசிந்தாவுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நல்லெண்ணெய் பூசினேன், மெத்தைவிரிப்பு பழுதானதுதான் மிச்சம்.

நான் கேட்டது ஒரு மனிதனைப் பற்றி. நீ எழுதியது ஒரு கட்டடத்தைப் பற்றி. படிக்கட்டு தேக்கா, முதிரையா என்று உன்னிடம் யார் கேட்டது?

மன்னாரில் பிறந்து வளர்ந்தவளுக்கு மீன் பொதி என்றால் என்னவென்று விளங்காதா? பிளாக்டவுனில் நான் எத்தனை வருடமாக ஒரே கடையில் மீன் வாங்குகிறேன். அந்த மனிதன் ஒருநாளாவது செதிலை ஒழுங்காக எடுத்துத் தந்திருப்பானா? ஒருவன் செதில் எடுத்து, தாளில் சுற்றி, நூல் கட்டி, மணியும் அடிக்காமல் போகிறான் என்றால் அது வியாபாரமில்லை. தர்மமும் இல்லை.

நோன்பு காலம் வரப்போகிறது. சாம்பல் பூசின நெற்றியோடு எனக்குப் பொய் எழுதாதே. நேராகக் கேட்கிறேன். அவன் உனக்கு யார்?

பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
பேர்ள்

*

குயின்ஸ்கிளிஃப்
19 மார்ச் 2025

அன்பு மச்சாளுக்கு,

சூசையப்பர் திருநாளின் ஆசீர் உங்கள் வீட்டில் நிறையட்டும். எனக்குத் தும்மலோடு சின்னத் தடிமன், மற்றப்படி சுகம். பொய் எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதி எழுதிக் கிழித்ததில்தான் இவ்வளவு நாள் போனது.

பின்னேரம் வேலை முடிந்து நான் அந்தப் பாலத்தில் நடப்பேன். கடைசிப் படகைக் கட்டிவிட்டு எறிக்கும் வருவார். காற்று அடிக்கிற பக்கம் அவர் நடப்பார். கதை பெரிதாக ஒன்றுமில்லை. இன்று என்ன மீன் பட்டது, அனோஜினிக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை நேரம், இப்படித்தான். நுனிவரை போவோம், திரும்புவோம். தெருவுக்கு வந்ததும் "அப்ப வாறன்" என்று சொல்லி அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒன்றரை வருடமாக இதுதான் நடக்கிறது. ஒருநாள் நல்ல மழை. "உள்ள வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்" என்றேன். "மகள் வீட்டில நிக்கேக்க வாறன்" என்று நனைந்துகொண்டே போனார். ஹோட்டலில் எல்லோருக்கும் எங்களைக் கண்டால் பகிடி. அந்தப் படிக்கட்டைக் கட்டின காலத்தில்தான் இப்படிக் காதலித்தார்களாம்.

அவருடைய மனைவி வன்னியில் யுத்தத்தின் கடைசி மாதங்களில் போய்விட்டா. அதை அவர் பேசுவதில்லை. நான் நொயலைப் பற்றிப் பேசுவேன். அவர் கேட்டுக்கொண்டு வருவார்.

போன கார்த்திகையில் கேட்டார். "உங்களுக்கு விருப்பமெண்டால் கோயில்ல கலியாணம் எழுதுவம். ஆனா நொயலின்ர அக்காவின்ர வாயால சரி எண்டு வரவேணும். களவாச் செய்யிற காரியமில்லை இது" என்றார்.

மச்சாள், எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அக்கா என்று தோழியாக நின்றது நீங்கள். தாலிக்கொடி பூட்டுகிறபோது நொயலுக்குக் கை நடுங்கியது. நீங்கள் என் கொண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கெதியாப் பூட்டடா, என்ர கை உளையுது" என்று நோவோடு அவசரப்படுத்தினீர்கள். பூசை வைத்த சுவாமிகூடச் சிரித்துவிட்டார். அந்தக் கையின் சம்மதம் இல்லாமல் இன்னொரு தாலிக்கு நான் கழுத்தை நீட்ட மாட்டேன். நீங்கள் சரி என்றால் சரி. இல்லை என்றால் இல்லை. இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
ஜசிந்தா

*

குவேக்கர்ஸ் ஹில்
27 மார்ச் 2025

ஜசிந்தாவுக்கு,

இல்லை.

இதை முதலில் எழுதிவிட்டுத்தான் சுகம் விசாரிக்கிறேன். தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி.

ஒன்றரை வருடம் வாசற்படியை மிதிக்காத நல்லவன் என்கிறாய். வாசற்படிக்கு வெளியே நின்றே இவ்வளவும் செய்தவன் உள்ளே வந்தால் என்ன செய்ய மாட்டான்? மழையில் நனைந்துகொண்டு போனானாம்! குடை இல்லாத மனிதனெல்லாம் சூசையப்பரா?

தர்ஷனாவின் மாமியார் விசாரித்துவிட்டா. படகில் வந்த ஆளாம். கஷ்டப்பட்டு வந்த சனத்தை நான் குறைவாகச் சொல்லவில்லை, அதற்கு மாதா சாட்சி. ஆனால் விசாவுக்காகக் கட்டுகிறான் என்று ஊர் சொல்லும். சொல்லத் தொடங்கியும் விட்டது. நான் கோயிலில் எந்தக் கதிரையில் போய் இருப்பது?

எல்லாவற்றையும் விடு. நீ அவனைக் கட்டினால் நான் உனக்கு யார்? அதை யோசித்தாயா? பழைய மச்சாளா? அப்படி ஒரு உறவு எங்கள் பாஷையில் இருக்கிறதா? அனோஜினி என்னை மாமி என்பாள், அது அவளுடைய இரத்தம். நீ என்னை என்னவென்று கூப்பிடுவாய்? தெருவில் போகிற அன்ரியா நான்?

நொயலின் பெயரை இந்த நாட்டில் உன்னையும் என்னையும் தவிர யார் சொல்கிறார்கள்? நீயும் வேறொரு பெயரைச் சொல்லத் தொடங்கினால்

கை உளைகிறது. நிறுத்துகிறேன்.

பேர்ள்

*

குவேக்கர்ஸ் ஹில்
19 மே 2025

ஜசிந்தாவுக்கு,

உயிர்ப்புத் திருநாளும் போய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு வாழ்த்து மட்டையும் இல்லை. கோபம் எனக்குத்தான் வரவேண்டும், உனக்கு என்ன கோபம்? நான் சுகம். இவருக்குப் பிறஷர் கொஞ்சம் ஏறி இறங்கியது. உனக்கும் பிள்ளைக்கும் எப்படி?

சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு மாதா வந்தா. மே மாதம் முழுவதும் மாதாவின் சொரூபம் வீடு வீடாகப் போவது உனக்குத் தெரியும். கொண்டு வருகிறவர்தான் செபமாலையைத் தொடங்கி வைக்க வேண்டும், அது இங்கத்தைய வழக்கம். தர்ஷனா வீட்டில் இருந்து வரவேண்டியது. வீடு நிறையச் சனம். அந்த நேரம் கேற்றில் ஒருவர் நிற்கிறார். வெள்ளைச் சேட், ஒழுங்காக வாரின தலை, இரண்டு கையாலும் சாமான் உடையாமல் வைக்கிற ஒரு பெரிய வெள்ளை றெஜிபோம் பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கிறார். நான் வேறு என்ன நினைப்பேன்? சொரூபம் உடையாமல் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வந்திருக்கிறார் என்று ஓடிப்போய்க் கும்பிட்டு, பெட்டியை வாங்கிப் பீடத்தில் வைத்து, மல்லிகைமாலையும் போட்டுவிட்டேன்!

"அக்கா, நான் வந்தது" என்று அவர் வாயெடுத்தார். "பிறகு கதைப்பம் தம்பி, ஆக்கள் பாத்துக்கொண்டிருக்கினம், தொடங்குங்கோ" என்றேன். பாவம், ஒருமுறை பெட்டியைப் பார்த்தார், ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு முழங்காலில் இருந்து தொடங்கினார். ஜசிந்தா, அந்தக் குரலை நீ கேட்டிருக்க வேண்டும். எங்கள் பக்கத்து இழுவை, ஒரு சொல் விழுங்காமல். செபமாலையின் மூன்றாம் தேவ இரகசியத்தில் உண்மையான மாதாவைத் தூக்கிக்கொண்டு தர்ஷனா வந்து நிற்கிறாள்! பெட்டியைத் திறந்தால் ஐசுக்கு நடுவில் மீன். இவர் சிரித்த சிரிப்பில் பிறஷர் மறுபடி ஏறியிருக்கும். நான் வெட்கத்தில் குசினிக்குள் போய்விட்டேன். நேர்த்திக்கு மீன் கொண்டுவந்த தர்ஷனா வீட்டு விருந்தாளியாக இருக்க வேண்டும். மெல்பேர்ண் பக்கமாம். அந்தக் களேபரத்தில் பெயர் கேட்கவும் மறந்துபோனேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. மரித்தவர்களுக்காக மன்றாடும்போது அவர் தானாகவே, "இந்த வீட்டுப் பிள்ளை நொயலின்ர ஆத்துமத்துக்காக" என்றார். குசினியில் இருந்து வந்து நானும் முழங்காலில் இருந்தேன். சுவரில் படத்தைப் பார்த்திருப்பார். பிறகு தன் கோப்பையைத் தானே கழுவி வைத்தார். "போட்டு வாறன் அக்கா" என்று இருட்டுக்கு முன்னம் போய்விட்டார். மீன் எல்லாம் செதில் எடுத்து, வெள்ளைத் தாளில் சுற்றி, நூல் கட்டி இருந்தது.

மனிதர் என்றால் அப்படி இருக்க வேண்டும். உன்னுடைய படகுக்காரன் என் தம்பியின் பெயரை ஒரு தரமாவது வாயால் சொல்லியிருப்பானா? அந்தத் தம்பியைப் பார்த்துப் படிக்கச் சொல்.

மாதா உன் புத்தியைத் தெளிவாக்கட்டும்.

பேர்ள்

*

குயின்ஸ்கிளிஃப்
30 மே 2025

அன்பு மச்சாளுக்கு,

நாங்கள் சுகம். அண்ணையின் பிறஷர் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உப்பைக் குறையுங்கள்.

அவர்தான் எறிக்.

எனக்கும் உங்கள் கடிதம் பார்த்துத்தான் தெரியும். ஏப்ரலில் உங்கள் "இல்லை"யை அவரிடம் சொன்னேன். மே மாதம் லீவு எடுத்தார். எங்கே போகிறார் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காரை ஒரே ஓட்டமாக ஓட்டிக்கொண்டு வந்து உங்கள் கேற்றில் நின்றிருக்கிறார். உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டினேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தார். "மாதா வாற வீட்டில, அவ்வளவு சனத்துக்கு முன்னால, என்ர காரியத்தை எப்பிடிக் கதைக்கிறது? உங்கட பேரெல்லோ பழுதாப் போகும்" என்றார்.

நொயலின் பெயர் அவர் சுவரில் பார்த்துச் சொன்னது இல்லை. இங்கே ஒவ்வொரு மாதமும் பூசைக்குக் கொடுக்கிறார். தன் மனைவியின் பெயரையும் நொயலின் பெயரையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்.

விசா விசயம் தர்ஷனாவின் மாமியாருக்கு அரைவாசிதான் தெரியும். என்னைக் கேட்பதற்கு முன்னமே அவருக்கு நிரந்தர விசா கிடைத்துவிட்டது. அது கையில் வரும்வரை அவர் என்னிடம் வாயே திறக்கவில்லை. யாரும் அப்படிச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக.

இதை எழுதுவது உங்கள் மனதை மாற்ற இல்லை. நான் சொன்ன சொல் சொன்னதுதான்.

உங்கள்
ஜசிந்தா

*

குவேக்கர்ஸ் ஹில்
5 யூன் 2025

ஜசிந்தாவுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

என் வீட்டில்! என் பீடத்தில்! அவன் கொண்டு வந்த மீன் பெட்டிக்கு என் கையால் மாலை போட வைத்துவிட்டான்! தெரியாமல் நான் "தம்பி, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ" என்று வேறு உபசரித்திருக்கிறேன். அவனும் "போதும் அக்கா" என்று தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். வாயில் கொழுக்கட்டையா இருந்தது? "அக்கா, நான்தான் எறிக்" என்று நாலு சொல் சொல்ல முடியாதா? சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே வெளியே போ என்றிருப்பேன். அது நேர்மை. இது என்ன? என்னைக் கொண்டே அவனைப் புகழ வைத்து, அந்தப் புகழை எழுத்தில் உனக்கு அனுப்ப வைத்து, இப்போது நான் எந்தக் கடிதத்தைத் திருப்பி எடுப்பது?

தர்ஷனா நாளுக்கு நாலு தரம் கேட்கிறாள், "அன்ரி, அந்த நல்ல குரல் அங்கிள் ஆர்?" என்று. "எனக்கென்ன தெரியும்" என்று பொய் சொல்லிப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டியதாய்ப் போயிற்று.

மீன் நல்ல மீன்தான். அதை நான் மறுக்கவில்லை. அதற்காக என் சொல் மாறாது. இனி இந்தப் பக்கம் அவன் வரக் கூடாது என்று சொல். உன் பக்கமும்.

பேர்ள்

*

குயின்ஸ்கிளிஃப்
20 யூலை 2025

அன்பு மச்சாளுக்கு,

நான் சுகம். நீங்களும் அண்ணையும் சுகமாக இருக்க வேண்டும்.

நீங்கள் சொன்னதை அவரிடம் சொன்னேன். எறிக் இங்கத்தைய வேலையை விட்டுவிட்டுப் போர்ட்லண்ட் பக்கம் மீன்பிடிப் படகுக்குப் போய்விட்டார். ஒரு குடும்பத்துக்கு நடுவில் நிற்க விருப்பமில்லை என்றார்.

இங்கே குளிர் கூட. பாலத்தில் ஏதோ திருத்த வேலை என்றபடியால் நான் நடக்கப் போவதில்லை. வேறு புதினம் இல்லை.

அன்புடன்
ஜசிந்தா

*

குவேக்கர்ஸ் ஹில்
17 ஆகஸ்ட் 2025

திரு. எறிக் அவர்களுக்கு,

நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்பது வழக்கம். சுகமாக இருந்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். உங்கள் விலாசத்தை என் மருமகள் அனோஜினியிடம் வாங்கினேன்.

நேற்று அவள் போன் எடுத்தாள். "மாமி, பாலத்தில ஒரு திருத்த வேலையும் நடக்கேல்ல. அம்மா சும்மா சொல்லுறா. வேலை முடிஞ்சு வந்து குசினிக் கதிரையில அப்பிடியே இருக்கிறா. ஷி டஸின்ற் ஈவின் குக் ஃபிஷ். ஐ ஹேற் திஸ், மாமி" என்றாள். அந்தப் பிள்ளை அழுது நான் கேட்டது தகப்பனின் அடக்கத்தன்று மட்டும்தான்.

ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு வெட்கமாக இல்லையா? ஒரு பெண்ணை ஒன்றரை வருடம் கடற்கரையில் நடக்க வைத்துவிட்டு, கேற்றில் மீன் கொழுவி அந்தப் பிள்ளையைச் சொதிக்குப் பழக்கிவிட்டு, நான் "இல்லை" என்றதும் பெட்டி கட்டிக்கொண்டு போவதுதான் ஆம்பிளைக்கு அழகா? ஒரு அக்காவின் முதல் சொல் "இல்லை" என்றுதான் இருக்கும். வேறு எப்படி இருக்கும்? நொயலுக்காக நாங்கள் ஜசிந்தாவைக் கேட்டுப் போனபோது அவளுடைய தகப்பன் எத்தனை தரம் கதவைச் சாத்தினார் தெரியுமா? என் அப்பு திரும்பத் திரும்பப் போனார். செருப்புத் தேய்ந்தது. வெட்கப்படவில்லை. நீ ஒரே ஒரு தரம் வந்தாய், அதுவும் வாயைத் திறக்காமல் செபமாலை சொல்லிவிட்டுப் போனாய்!

மரியாதையாகத்தான் தொடங்கினேன். நடுவில் "நீ" வந்துவிட்டது. இனி அழிக்க மாட்டேன்.

பரலோக மாதா திருநாளன்று கோயிலில் செபமாலை. மரித்தவர்களின் பெயர் எல்லாம் வாசித்தார்கள். யார் யாருடைய பாட்டன், பூட்டன் பெயரெல்லாம் வந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். என் தம்பியின் பெயர் வரவில்லை. கொடுக்க நானும் மறந்துபோனேன், என் தலையில் அவ்வளவு கோபம். அவனைக் கண்ணாலும் காணாத நீ மாதா மாதம் கொடுக்கிறாயாம். போர்ட்லண்டில் கோயில் இருக்கிறதா? அங்கேயும் கொடுக்கிறாயா? இல்லை, குடும்பத்துக்கு நடுவில் நிற்க விருப்பமில்லை என்று அதையும் விட்டுவிட்டாயா?

கேட்பதானால் ஒழுங்காகக் கேள். சனத்துக்கு நடுவில் வராதே, பெட்டி தூக்கிக்கொண்டு வராதே. எழுத்தில் கேள். பதிலை நான் யோசித்துச் சொல்வேன். சரி என்பேன் என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

நொயலின் அக்கா,
பேர்ள்

*

போர்ட்லண்ட்
31 ஆகஸ்ட் 2025

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்திருக்க வேண்டும் என்று வேண்டுகிறேன். செபமாலை அன்று நீங்கள் எழும்பக் கஷ்டப்பட்டதைப் பார்த்தேன்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுக்க வேண்டும். நொயல் அண்ணையின் பெயரை இங்கேயும் கொடுக்கிறேன். சுவாமி வெள்ளைக்காரர், "நோயெல்" என்று வாசிக்கிறார். கர்த்தருக்கு விளங்கும்.

ஜசிந்தாவை எனக்குத் தரச் சொல்லி உங்களைக் கேட்கிறேன். நீங்கள் இல்லை என்றால் அடுத்த மாதமும் எழுதிக் கேட்பேன். அதற்கு அடுத்த மாதமும் கேட்பேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஜசிந்தா உங்கள் மார்ச் மாதக் கடிதத்தில் ஒரு கேள்வியை மட்டும் எனக்கு வாசித்துக் காட்டினவா. நீங்கள் அவவுக்கு யார் ஆகிறது என்ற கேள்வி. படகில் நிற்கும்போது அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். என்னோடு கூடப் பிறந்தவர்கள் ஒருவரும் இப்போது இல்லை. கல்யாணம் நடந்தால் மாப்பிள்ளை பக்கத்துக்குத் தோழியாக நிற்க எனக்கு ஒரு அக்கா இல்லை. நீங்கள் எனக்கு அக்காவாக நின்றால், ஜசிந்தாவுக்கு நீங்கள் எப்போதும் போல மச்சாள்தான். கூப்பிடுகிற சொல் மாறத் தேவையில்லை.

இது பிழையான கேள்வி என்றால் மன்னிக்கவும்.

பணிவுடன்
எறிக்

*

குவேக்கர்ஸ் ஹில்
8 செப்ரெம்பர் 2025

அன்புள்ள மச்சாள் ஜசிந்தாவுக்கு,

சரி.

இதை முதலில் எழுதிவிட்டுத்தான் கோபத்தைத் தொடங்குகிறேன். இன்று மாதாவின் பிறந்தநாள், அதனால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

முதலாவது, அவனுடைய கடிதத்தை இவரிடம் வாசித்துக் காட்டினேன். "விடு பேர்ள், உனக்கொரு தம்பி கிடைச்சிட்டான்" என்று இவர் சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய் வெகுநேரம் நின்றார். ஒரு தம்பி போனால் இன்னொரு தம்பி கிடைப்பது கடையில் சாமான் மாற்றுகிற மாதிரியா? அப்படி இல்லை. நொயல் நொயல்தான். இவன் இவன்தான். இதை இரண்டு பேருக்கும் சொல்லி வை.

இரண்டாவது, கல்யாணம் கோயிலில் நடக்க வேண்டும், அந்த ஹோட்டல் புல்லில் இல்லை. மரித்தவர்களுக்கான மன்றாட்டில் நொயலின் பெயரும் அவனுடைய மனைவியின் பெயரும் வரவேண்டும். அவ பெயரை எனக்கு ஒருவரும் இன்னும் சொல்லவில்லை. என்னவென்று எழுது, இந்த மாதத்தில் இருந்தே நான் இங்கே கொடுக்கிறேன். மெல்பேர்ணில் இருந்து தமிழ்ச் சுவாமியைக் கூப்பிடு, "நோயெல்" என்று வாசிக்க நான் விடமாட்டேன். மீன், இறைச்சி என்று மச்சம் எல்லாம் நாங்களே சமைப்போம். கிழங்கான் பட்டால் நல்லது. நூல் கட்டாமல் தரட்டும், குசினியில் அவிழ்க்க நேரம் இருக்காது. தர்ஷனாவையும் கூட்டி வருவேன். இந்த முறை அவள் போடுகிற படத்தில் நானும் நிற்க வேண்டும், அவளுடைய மாமியார் நன்றாகப் பார்க்கட்டும்.

உடுப்பு விசயத்தில் ஒரு சொல். நீ சேலைதான் உடுக்க வேண்டும். அந்தத் தொப்பி வேண்டாம். உன்னுடைய முகத்துக்கு அது பொருந்தித்தான் இருந்தது, அதனால்தான் சொல்கிறேன். தொப்பி போட்டால் கொண்டை மறைந்துவிடும். நான் எதைப் பிடிப்பது?

முழங்கால் நோ இருந்தாலும் நான் நிற்பேன். கொண்டையில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது, அனோஜினியும்தான். எறிக்கிடம் சொல், கை நடுங்கினால் நடுங்கட்டும். அவன் கெதியாகப் பூட்டத் தேவையில்லை.

என் கை உளையாது.

மாப்பிள்ளையின் அக்கா,
உன் மச்சாள்,
பேர்ள்